மினுக்கும் சீலிங் லைட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹால் ஃபால்ஸ் சீலிங்கில் 12 வாட் எல்இடி லைட் எட்டு பதித்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது இரண்டு மட்டும் விட்டுவிட்டு மினுக்குகின்றன. எட்டையும் மாற்றிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றத்தான் வேண்டுமா?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: வேண்டாம். எட்டும் சேர்ந்து மினுக்கினால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரின் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு மட்டும் என்றால் பழுது பெரும்பாலும் லைட்டின் பின்னால் ஒயரோடு கிடக்கும் சின்னப் பெட்டியில், அதாவது டிரைவரில் இருக்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் தட்டட்டி (மொட்டைமாடி) குடித்த சூடு, ராத்திரியிலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அடைந்து நிற்கும். அதில் டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துவிடும். டிரைவரை லைட்டின் முதுகிலேயே படுக்க வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

கழற்றுமுன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. போர்டில் அந்த லைனுக்கான எம்சிபியை (பாதுகாப்பு ஸ்விட்ச்) இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மெயினை இறக்கிவிட்டோம் என்று ஏணியில் ஏறி, இன்வெர்ட்டர் லைனில் கை வைத்து அடிவாங்குவது இங்கே சாதாரணம். லைட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாகக் கீழே இழுங்கள். துளையை விட்டு வெளியே வரும்போது இரண்டு ஸ்பிரிங் கிளிப்பும் விரலைப் பதம் பார்க்கும். வர வர அவற்றை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஜிப்சம் போர்டு பொரிந்துவிடும், பிறகு கிளிப் நிற்க இடம் இருக்காது.

இப்போது நல்ல லைட் ஒன்றின் டிரைவரை மினுக்கும் லைட்டுக்கு மாற்றிப் போடுங்கள். மினுக்கல் நின்றால் டிரைவர் மட்டும் வாங்கினால் போதும். நிற்காவிட்டால் லைட்டையே மாற்ற வேண்டும். இந்தச் சோதனையில் லைட்டுக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள இணைப்புப் பின்னை, கரண்ட் இருக்கும்போது கழற்றி மாட்டவே கூடாது. லைட் இல்லாத டிரைவரில் வோல்டேஜ் ஏறி நிற்கும். மாட்டிய கணத்தில் நல்ல எல்இடியும் போய்விடும்.

கடைக்குப் பழைய டிரைவரைக் கையோடு கொண்டுபோங்கள். வாட் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதன்மேல் ‘அவுட்புட்’ என்று போட்டிருக்கும் மில்லி ஆம்பியர் புதியதிலும் அதே எண்ணாக இருக்க வேண்டும், வோல்ட் அளவும் ஒத்துப்போக வேண்டும். முழு லைட்டையும் மாற்றுவதானால் விளிம்பை அளக்காமல் துளையின் விட்டத்தை அளந்து போங்கள். 12 வாட் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி துளை அளவு வேறு. சின்னத் துளையைப் பெரிதாக்கலாம். பெரிய துளையைச் சின்னதாக்குவது கடினம். ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல் கனெக்டர் போடச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகிப் பிரிந்துவிடும்.

கேள்வி: ஸ்விட்சை அணைத்த பிறகும் படுக்கையறை லைட் மங்கலாக எரிகிறதே?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ஸ்விட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியே கசியும் துளிக் கரண்டே இதற்குப் போதும்; இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் மாற்றினால் சரியாகும். அது இல்லையென்றால், ஸ்விட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். அப்படியிருந்தால் அணைத்த லைட்டிலும் ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயரின் இணைப்பு, அப்படியே இருக்கும். துடைக்கப் போனவருக்கு ஷாக் அடிக்கலாம்.

கேள்வி: மழை பெய்தால் லைட் துளை வழியாகச் சொட்டுகிறது. லைட்டுக்கு மேலேதான் ஒழுகுகிறதா?
– தென்காசி வாசகி

பதில்: பெரும்பாலும் இல்லை. நீர் போர்டின் மேல் ஓடி, கண்ட துளையில் இறங்கும். முதலில் அந்த எம்சிபியை இறக்குங்கள். லைட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தால் மேல்தளத்தின் அடியில் ஈரத் தடம் தெரியும். தட்டட்டியில் அதற்கு நேர் மேலே மட்டும் தேடாமல், தட்டோட்டு இடுக்குகளையும் கைப்பிடிச் சுவரின் அடியையும் பாருங்கள். நனைந்த டிரைவர் காய்ந்த பிறகு லைட்டை எரிய வைத்தாலும், அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.