அளவைச் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்: மாதிரி ஸ்டாக் கார் கேள்வி-பதில்

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்களை 1/24, 1/25 அளவுகளில் கட்டும் வாசகர்கள், டெக்காலும் (நீரில் நனைத்து மாதிரியின் மேல் ஒட்டும் அச்சுப் படலம்) உறுப்புகளும் வாங்கியதைப் பற்றி எழுதிய கடிதங்களுக்கு இந்த முறை பதில் தருகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன; ஒவ்வொரு கடிதத்தின் கீழும் என் பதில் இருக்கிறது.

அடர் நீலக் காருக்காக, வீட்டில் அச்சடித்து விற்கும் ஒருவரிடம் மஞ்சள் எண்கள் கொண்ட டெக்கால் தாள் வாங்கினேன். தாளில் பளிச்சென்று இருந்த மஞ்சள், காரில் ஒட்டியதும் அழுக்குப் பச்சையாகிவிட்டது. உங்கள் பெயின்ட்தான் காரணம் என்கிறார் அவர்.

உங்கள் பெயின்ட் மீது எந்தக் குற்றமும் இல்லை. சாதாரண இங்க்ஜெட், லேசர் பிரின்டர்களில் வெள்ளை மை கிடையாது. அவற்றின் மற்ற நிறங்களோ ஒளி ஊடுருவக்கூடியவை. கண்ணாடி போன்ற டெக்கால் படலத்தில் அச்சிட்டால், பின்னால் இருக்கும் வெளிர் தாள்தான் அந்த நிறத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. படலம் தாளிலிருந்து நழுவி நீலத்தின் மேல் உட்கார்ந்த உடனே மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாகின்றன. தினமும் அச்சடித்து விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. "வெளிர் நிறக் கார்களுக்கு மட்டும்" என்று அவர் எழுதியிருக்க வேண்டும். மீதமுள்ள ஒரு துண்டை வெள்ளைப் பரப்பிலும் நீலப் பரப்பிலும் ஒட்டிப் படம் எடுத்து அனுப்பி, முழுப் பணத்தையும் கேளுங்கள். தாளில் இன்னொரு எண் மிச்சமிருந்தால், வெள்ளை டெக்கால் படலத்தில் அதே வடிவத்தை ஒரு மயிரிழை சிறியதாக வெட்டி முதலில் ஒட்டுங்கள். ஓர் இரவு காயவிட்டு, மஞ்சள் எண்ணை அதன் மேல் வையுங்கள்.

டெக்கால் தாள் வாங்கும்போது கண்ணாடித் தாளா, வெள்ளைத் தாளா?

வெள்ளைக் காருக்குக் கண்ணாடித் தாள், அடர் நிறக் காருக்கு வெள்ளைத் தாள்.

1/24 சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) கையில் இருந்தது. ரெசின் பிசினில் வார்த்த ஒரு பாடியை (மேற்கூடு) வாங்கினேன். இரண்டும் பொருந்தவில்லை. விற்றவரின் விற்பனைப் பக்கத்தில் 1/25 என்று இருந்ததாம், நான் கவனிக்கவில்லை. இவ்வளவு சிறிய வித்தியாசத்திற்காகத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுப்பது நியாயமா?

நியாயம்தான். அவர் எழுதியிருந்தார், நீங்கள் படிக்கவில்லை. வித்தியாசமும் சிறியது அல்ல. 1981 முதல் நாஸ்காரின் முதன்மைப் பந்தயத் தொடரில் காரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 110 அங்குலம், அதாவது 2,794 மி.மீ. 1/24 அளவில் அது 116.4 மி.மீ.; 1/25 அளவில் 111.8 மி.மீ. முன் சக்கரத்தைச் சரியாக நிறுத்தினால் பின் சக்கரம் 4.6 மி.மீ. தள்ளிப்போய் மட்கார்டில் இடிக்கும்.

ஆனால் உங்கள் மீது வருவதைவிட எனக்கு அதிகக் கோபம் வருவது, உறைகளில் "1/24-1/25" என்று அச்சடித்து விற்பவர்கள் மீதுதான். எத்தனையோ ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன். இரண்டு அளவுக்கும் இடையே நான்கு சதவீத வேறுபாடு உண்டு. கதவில் ஒட்டும் 20 மி.மீ. உயர எண்ணில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், டெக்கால் தாளில் அப்படிப் போடுவதை ஏற்கலாம். பாடியிலும் சேசிஸிலும் அப்படிப் போடுவது, இரண்டு வகை வாடிக்கையாளர்களில் ஒருவரையும் இழக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லும் பொய். இப்படி ஓர் உறையில் ஸ்பார்க் பிளக் வயர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து காலிப்பரில் பிடித்துப் பார்த்தபோது 0.8 மி.மீ. காட்டியது. 24 ஆல் பெருக்கினால் அது 19 மி.மீ.; கட்டைவிரல் பருமன். உண்மையான வயர் சுமார் 8 மி.மீ. என்பதால் எனக்கு வேண்டியிருந்தது 0.33 மி.மீ. எட்டு வயர்களையும் டிஸ்ட்ரிபியூட்டரில் செருக இடமே இல்லை. கடைசியில் பழைய இயர்போன் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த மெல்லிய கம்பிகளால் வேலையை முடித்தேன். பாடி என்றால் வீல்பேஸ், டயர் என்றால் வெளிவிட்டமும் அகலமும், கம்பி என்றால் தடிமன் என மில்லிமீட்டரில் ஓர் எண்ணைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ரோல் கேஜை (ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு) நானே செய்ய விரும்புகிறேன். எந்தத் தடிமனில் கம்பி வாங்க வேண்டும்?

உண்மையான குழாயின் விட்டம் 1¾ அங்குலம், அதாவது 44.45 மி.மீ. ஆகவே 1/24 அளவில் 1.85 மி.மீ., 1/25 அளவில் 1.78 மி.மீ. அது கிடைக்காவிட்டால் 2.0 மி.மீ. போதும்; 1.6 மி.மீ. மெலிந்து தெரியும். "பிளாஸ்டிக் கம்பி" என்று மட்டும் எழுதியிருந்தால், ஸ்டைரீனா ஏபிஎஸ்ஸா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கிட்டுக்கு (மாதிரியைக் கட்டும் உறுப்புப் பெட்டி) பயன்படுத்தும் சிமென்ட் என்ற பசை ஸ்டைரீனை உருக்கி இணைத்துவிடும். ஏபிஎஸ்ஸுக்கு அதற்கென உள்ள சிமென்ட் வேண்டும்.

பழைய ஆல்ப்ஸ் பிரின்டர் ஒன்று விலைக்கு வருகிறது. அது வெள்ளை நிறத்தையும் அச்சிடுமாமே?

அச்சிடும். ரிப்பன் மூலம் வெள்ளையையும் உலோக நிறங்களையும் அச்சிட்டதால்தான் டெக்கால் செய்பவர்கள் அதைப் போற்றினார்கள். ஆனால் அதன் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. ரிப்பன் தயாரிப்பும் நின்றுவிட்டது. நானும் ஒன்று வாங்கினேன். "நன்றாக வேலை செய்கிறது" என்று சொன்ன விற்பனையாளர், கறுப்பில் அச்சிட்ட ஒரு பக்கத்தை மட்டும் காட்டினார். நானும் வெள்ளையில் ஒரு பக்கம் அச்சிட்டுக் காட்டும்படி கேட்கவில்லை. நான் அச்சிட்ட முதல் வெள்ளை எண்ணில் குறுக்கே மெல்லிய கோடுகள் விழுந்து, அவற்றின் வழியாகக் காரின் சிவப்பு தெரிந்தது. மாற்று ரிப்பனும் கிடைக்கவில்லை, பணமும் திரும்ப வரவில்லை. அந்த ஏமாற்றத்தை நீங்களும் அனுபவிக்க வேண்டாம். வெள்ளை டோனர் உள்ள லேசர் பிரின்டர் வைத்திருப்பவரிடம் உங்கள் வரைபடத்தைக் கொடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

இங்க்ஜெட்டில் அச்சிட்ட டெக்காலைத் தண்ணீரில் போட்டதும் மை கரைந்து ஓடிவிட்டது. தாள் தயாரித்தவர் மீது புகார் செய்யலாமா?

மேலே கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடித்தீர்களா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இங்க்ஜெட் மை நீரில் கரையும். அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அக்ரிலிக் கிளியரை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடித்து, அதுவும் காய்ந்த பின்னரே தண்ணீரில் போட வேண்டும். தாளோடு வந்த குறிப்பை எடுத்துப் படியுங்கள். புகார் செய்ய இதில் இடமில்லை.

1980-களில் வந்த மோனோகிராம் நாஸ்கார் கிட் ஒன்றை, பிரிக்காத பெட்டி என்பதால் அதிக விலை கொடுத்து வாங்கினேன். டெக்கால் மஞ்சளடித்திருந்தது, நனைத்த முதல் துண்டு நொறுங்கிப்போனது. பிரிக்காத பெட்டிக்குத் தான் பொறுப்பல்ல என்கிறார் விற்றவர்.

மனம் வலிக்கிறது. பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை, நாற்பது ஆண்டு ஈரத்தையும் வெப்பத்தையும் தடுக்காது என்பது பழைய கிட் விற்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். பழமைக்காகக் கூடுதல் விலை வாங்கியவர், பழமையால் வரும் கேட்டையும் சொல்லியிருக்க வேண்டும். விலையில் ஒரு பகுதியையாவது விடாமல் கேளுங்கள். அதற்குள் வேறு எந்தத் துண்டையும் நனைக்க வேண்டாம். முதலில் முழுத் தாளையும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள். எல்லாம் கெட்டாலும் அதை வைத்து நீங்களே வரைந்து அச்சிடலாம். பிறகு தாளைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து வெயில்படும் சன்னலில் சில நாட்கள் ஒட்டி வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வெளுக்கும். அடுத்து மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் திரவ டெக்கால் படலத்தைத் தூரிகையால் பூசிக் காயவிட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வெட்டி, தேவைப்படாத ஒன்றை முதலில் நனைத்துப் பாருங்கள்.

சொந்த டெக்காலோடு முதல் காரைக் கட்டப்போகிறேன். எந்தக் கிட்டை வாங்கலாம்?

மோபியஸ் நிறுவனம் 1/25 அளவில் வெளியிட்ட 1952 ஹட்சன் ஹார்னெட்டைப் பாருங்கள். 1949-இல் நாஸ்காரின் முதன்மைத் தொடர் தொடங்கியபோது கடையில் விற்கும் காரைத்தான் ஓட்டினார்கள். ஹட்சன் காலத்திலும் பாடி பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது, அதனால் நீங்களே செய்ய வேண்டிய உறுப்புகள் குறைவு. அன்றைய எண்களையும் பெயர்களையும் தூரிகையால் கையெழுத்தாக எழுதினார்கள். உங்கள் முதல் டெக்காலில் ஓர் எழுத்து சற்றே சாய்ந்திருந்தாலும், அந்தக் காரில் அது பொருந்தியே நிற்கும்.