37 வயது, இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போகவில்லை. இனிமேல் நகைச்சுவை எழுதினால் யாராவது படிப்பார்களா?

கேள்வியில் 37 என்று பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் எர்மா பாம்பெக், தனக்குப் பெயர் வாங்கித் தந்த பத்திரிகைப் பத்தியை எழுதத் தொடங்கியது சரியாக அந்த வயதில்தான். நீங்கள் பெண் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆண்கள் இந்தக் கேள்வியில் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டார்கள்.

ஒஹாயோவில், டேட்டன் பக்கத்தில் சென்டர்வில் என்ற ஊரில் நாலு வருஷம் இருந்தேன். கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு போனவள், வேலை பார்க்க அனுமதி கிடையாது. நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் ஒரு டாலருக்கு அந்த அம்மாவின் புத்தகம் கிடைத்தது. படித்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் குடியிருந்ததும் அதே ஊர்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

1927இல் பிறந்து டேட்டனில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். இருபது வயதில் பரம்பரைச் சிறுநீரக நோய் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம், மூன்று பிள்ளைகள். கடைசிப் பையனும் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, 1964இல் உள்ளூர் வாரப் பத்திரிகையில் இடம் கேட்டார். ஒரு பத்திக்கு 3 டாலர். படுக்கையறையில் கான்கிரீட் கற்களின் மேல் ஒரு பலகை, அதுதான் மேசை. அடுத்த வருஷம் டேட்டன் ஜர்னல் ஹெரால்டு வாரம் இரண்டு பத்திக்கு 50 டாலர் கொடுத்தது. மூன்றே வாரத்தில் அந்தப் பத்தி 36 பத்திரிகைகளில். உச்சத்தில் சுமார் 900.

துணி துவைப்பதையும் காணாமல் போகும் காலுறையையும் எழுதுவது ஓர் எழுத்தா என்று கிளம்புகிறவர்களுக்கு: பெண்களுக்கான சமவுரிமைச் சட்டத் திருத்தத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவரும் இவர்தான். நான் பெண்களை அடுப்படியிலேயே இருக்கச் சொல்லவில்லை, தயவுசெய்து பின்னூட்டத்தில் அந்தச் சண்டை வேண்டாம்.

சரி, என் கதை. ஊருக்குத் திரும்பியதும் முகநூலில் எழுத ஆரம்பித்தேன். டிபன் டப்பாவுக்கு மூடி பொருந்தாத கஷ்டம்: வீட்டில் ஏழு டப்பா, நாலு மூடி, அதிலும் ஒன்று பக்கத்து வீட்டுடையது. 200 லைக் வந்தது. இரண்டு மாதம் கழித்து அதுவே வாட்ஸ்அப்பில், என் பெயர் இல்லாமல், "சிரிக்காமல் படிக்கவும்" என்ற தலைப்போடு என் நாத்தனாரிடமிருந்தே வந்தது. கீழே ஒரு வரி: "நீயும் இப்படி எழுதிப் பாரேன் அண்ணி."

பாம்பெக்கையும் விடவில்லை. வாழ்க்கையை மறுபடி வாழ வாய்த்தால் என்னென்ன செய்வேன் என்று அவர் 1979இல் எழுதிய பத்தியை, புற்றுநோயில் சாகும்போது எழுதியது என்று கண்ணீரோடு இன்னும் அனுப்புகிறார்கள். அவர் இறந்தது 1996 ஏப்ரலில், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு சில வாரங்களில். மார்பகப் புற்றுநோய் வந்தது உண்மை, ஆனால் அது 1992இல்.

எழுதுங்கள், படிப்பார்கள். பெயரை மட்டும் கடைசி வரியில் போடாதீர்கள், முதலில் வெட்டுவது அதைத்தான். நான் இப்போது பத்தியின் நடுவில், மாமியார் கூப்பிடுகிற மாதிரி என் பெயரை நுழைத்துவிடுகிறேன். போன மாதம் திரும்பி வந்த பிரதியில் மாமியார் மாலாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பெயர் மாலா இல்லை.