எம்பிபிஎஸ் முதலாண்டில் நோயெதிர்ப்பியல் மட்டும் மனதில் நிற்கவில்லை, எப்படிப் படிப்பது?

நரம்பு, தசை, இதயம் எல்லாம் படித்தால் புரிகிறது, நோயெதிர்ப்பியல் மட்டும் செல்களின் பெயர்ப் பட்டியலாகவே இருக்கிறது, ஒரு வாரத்தில் மறந்துபோகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இறுதியாண்டு வரை அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியது ஓர் அம்மாவின் கேள்வி.

நான் குன்னூர்க்காரன். மலையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஏழு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெருநாய் கன்னத்தில் கடித்திருந்தது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவினோம். இரண்டு மேற்கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போட்டோம். அப்புறம் சீரத்தை எடுத்துக் காயத்துக்குள் போடப் போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு கையிலயும்தான் போட்டாச்சே டாக்டர், அப்புறம் எதுக்குக் காயத்துலயே குத்துறீங்க? பிள்ளை துடிக்குது."

"அதுவும் மருந்துதாம்மா" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அன்று இரவு அந்த ஒரு கேள்விக்காக மட்டும் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். நோயெதிர்ப்பியலை நாட்கணக்காகப் படிக்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. எந்த செல், உடம்பில் எந்த இடத்தில், எத்தனையாவது நாளில் என்று கேட்டுக்கொண்டே போனால் பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலில் வைரஸின் நாட்காட்டி. இதற்கு நீங்கள் ஏற்கெனவே படித்த உடலியங்கியலே போதும். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் இருப்பதைப் படித்திருப்பீர்கள். ரேபிஸ் வைரஸ் பற்றிக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து நரம்பு முனைக்குள் நுழைந்து, ஆக்சான் என்ற நீண்ட நரம்பு இழைக்குள் டைனீன் என்ற புரதம் சரக்கை செல் உடலை நோக்கி இழுத்துப் போகும் அதே பாதையில் ஏறிக்கொண்டு மூளைக்குப் போகிறது. கடித்த நாளிலிருந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். காலில் கடித்தால் தூரம் அதிகம். கன்னத்தில் கடித்தால் தூரமும் குறைவு, நரம்பு முனைகளும் நெருக்கம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: நரம்புக்குள் நுழைந்துவிட்ட வைரஸை, கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதமான ஆன்டிபாடி எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். வெளியே இருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

அடுத்தது உடம்பின் நாட்காட்டி. தோலுக்குள் போட்ட தடுப்பூசியை, அந்நியப் பொருளைப் பிடித்துக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல் விழுங்கி, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்கு எடுத்துப் போகிறது. அங்கே அதற்குப் பொருந்தும் டி செல்லை (ஒரு வகை வெள்ளணு) தேட வேண்டும். நம் உடம்பில் இதுவரை வேலை பார்க்காத டி செல்களில், ஒரு குறிப்பிட்ட ஆன்டிஜெனுக்கு (உடம்பு அடையாளம் காணும் அந்நியப் பொருள்) பொருந்துவது லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்று. அந்த ஒன்று கிடைத்து, அது பெருகி, ஆன்டிபாடி தயாரிக்கும் பொருத்தமான பி செல்லுக்குத் துணை நின்று, அந்த பி செல்லும் பெருகி, முதலில் ஐஜிஎம், பிறகு ஐஜிஜி என்று ஆன்டிபாடி வகைகள் வெளிவர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடும். இந்தத் தாமதத்தை உடம்பின் குறையாக நினைக்காதீர்கள். லட்சத்தில் ஒன்றைத் தேடிப் பெருக்க அவ்வளவு நாள் வேண்டும்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வரலாம். கையில் போட்ட ஊசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வைரஸோ இன்றைக்கே கன்னத்தில் இருக்கிறது. அந்த இடைவெளியில் காவல் நிற்கத்தான் சீரம். அது இன்னோர் உடம்பு தயாரித்துக் கொடுத்த ஆன்டிபாடி, காயத்தில் போட்ட உடனே வைரஸைப் பிடிக்கும். தடுப்பூசி போட்ட இடத்தில் சீரத்தைப் போடக் கூடாது என்பதற்கும், முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்தபின் சீரம் வேண்டாம் என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. இரண்டையும் நீங்களே யோசித்து எழுதிப் பாருங்கள், தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

தசையில் போட்டால் ஒரு முழுக் குப்பி, தோலுக்குள் போட்டால் இரண்டு இடத்தில் 0.1 மில்லியே போதும். ஏன் என்று கேளுங்கள். ஆன்டிஜெனை எடுத்துக் காட்டும் செல்கள் தோலில் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. முன்பே முழுதாகத் தடுப்பூசி போட்டவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டே நாள் ஊசி, சீரம் தேவையில்லை. முன்பு பார்த்த ஆன்டிஜெனை மறக்காத நினைவு செல்கள் என்ற பாடம் முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

எங்கள் ஊரில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல ஆசை. சிம்ஸ் பார்க் எதிரே இருக்கும் பாஸ்டர் நிறுவனம் ரேபிஸ் சிகிச்சைக்காக 1907இல் தொடங்கியது. என் தாத்தா தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவர். அந்தக் காலத் தடுப்பூசி, வைரஸ் வளர்ந்த ஆட்டு மூளையிலிருந்து செய்தது. மூளை என்றால் நரம்பைச் சுற்றியிருக்கும் உறையான மைலினும் அதில் இருக்கும். ஆட்டு மைலினுக்கும் நம் மைலினுக்கும் ஒற்றுமை அதிகம் என்பதால், மிகச் சிலருக்கு டி செல்கள் சொந்த நரம்பையே தாக்கி, கை கால் செயலிழந்தது. தன்னுடையதைத் தாக்காதிருக்கும் ஏற்பாடு எப்படி உடைகிறது என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1930களில் தாமஸ் ரிவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளில் மூளைத் திசுவைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்ததும் இதைப் புரிந்துகொள்ளத்தான். பிறகு ஆய்வகத்தில் வளர்க்கும் வீரோ செல்லில் (குரங்குச் சிறுநீரக செல்) வைரஸை வளர்த்துச் செய்த தடுப்பூசி வந்தது, குன்னூரிலும் தயாரானது. பதினாலு ஊசிக் காலம் முடிந்தது.

அந்தக் குழந்தையை 3, 7, 28 என்று நாள் தவறாமல் கூட்டிவந்தார்கள். மூன்றாம் நாளே அந்த அம்மாவை உட்காரவைத்து, கன்னத்தில் ஏன் குத்தினேன் என்று விளக்கிச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ கையில போட்டது வர்ற வரைக்கும் இது காவலா?" என்றார்.