விமானப் பாகம் பொருத்தும் வேலை: கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள்

என் ஊர் மட்டக்களப்பு கல்லடி. பதினொரு வருடம் ரொறன்ரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் விமான இறக்கைப் பாகங்கள் பொருத்தும் வேலை செய்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். இந்த வேலையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

ஓட்டமாவடி, கராஜில் வேலை செய்யும் தம்பி: அண்ணன், பிளேன் மெக்கானிக் வேலையும் இதுவும் ஒன்றுதானா? லைசன்ஸ் எடுக்க வேணுமா?

இரண்டும் வேறு, தம்பி. ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தைச் சோதித்துப் பழுது பார்த்து, இது பறக்கலாம் என்று கையெழுத்து வைப்பவர் பராமரிப்புப் பொறியாளர். அவருக்கு பி1, பி2 என்று லைசன்ஸ் உண்டு, அதற்குப் பல வருடப் படிப்பும் அனுபவமும் வேணும். நாங்கள் விமானம் உருவாகும்போதே ட்ரோயிங்கைப் பார்த்துத் துளை போட்டு, ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக ஆணி) அடித்து, சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசி, போல்ட்டை அளந்து இறுக்கிக் கொடுப்பவர்கள். தனி லைசன்ஸ் தேவையில்லை, தொழிற்சாலையே பழக்கும். ஆனால் செய்த ஒவ்வொரு படிக்கும் உங்கள் முத்திரை விழும். பல வருடம் கழித்தும் அந்தத் தாளை எடுத்து இதை யார் செய்தது என்று பார்க்கலாம்.

கல்முனை, அலுமினிய ஜன்னல் கடை வைத்திருப்பவர்: நாங்களும் நாள் முழுக்க பொப் ரிவெட் அடிக்கிறோம். விமானத்துக்கும் ஏன் ரிவெட்? வெல்டிங் செய்தால் இன்னும் பலமாக இருக்காதா?

நல்ல கேள்வி, நானும் முதல் வாரத்தில் இதைத்தான் கேட்டேன். விமான உடலுக்குப் போகும் 2024, 7075 போன்ற எண்களால் அழைக்கப்படும் அலுமினியக் கலவைகளுக்குப் பலம் வருவதே சூடாக்கிக் குளிர வைத்துப் பதப்படுத்துவதால்தான். வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும், ஒட்டின இடத்தில் வெடிப்பும் விழும். ரிவெட் என்றால் தகட்டின் பதம் கெடாது, பழுதானால் துளைத்து எடுத்துவிட்டு வேறு போடலாம். போயிங் 747 விமானத்தில் ஏறக்குறைய 60 இலட்சம் பாகங்கள், அதில் பாதி ரிவெட், போல்ட் போன்ற பொருத்திகள்தான்.

உங்கள் பொப் ரிவெட்டை ஒரு பக்கம் நின்றே அடித்துவிடலாம். எங்கள் ரிவெட் உள்ளே குழாய் இல்லாத திட ரிவெட், அதற்குப் பெரும்பாலும் இரண்டு ஆள் வேணும். ஒருவர் வெளியே நின்று காற்றில் ஓடும் ரிவெட் கன்னால் தலையில் அடிக்க, மற்றவர் உள்ளே படுத்துக்கொண்டு ஒரு கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் மறுமுனையான வால் பக்கம் பிடிப்பார், அதில் மோதி வால் நசிந்து இரண்டாவது தலையாகும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, சத்தத்தில் பேசவும் முடியாது, அதனால் உள்ளே இருப்பவர் தட்டித்தான் சொல்வார்: ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கெட்டுப் போச்சு, கழற்ற வேணும். எட்டில் ஒரு அங்குல விட்டமுள்ள ரிவெட் என்றால் நசிந்த தலை ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் அகலமும் 1.6 மில்லிமீட்டர் உயரமும் வர வேணும். கை பழகினால் அடிக்கிற சத்தத்திலேயே அது தெரியும். எனக்கு அந்தக் காது வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். சில ரிவெட்டுகளை ஃப்ரீசரில் வைத்திருப்போம். பதப்படுத்திய கையோடு மென்மையாக இருக்கும், வெளியே வைத்தால் தானாகவே இறுகத் தொடங்கும். வெளியே எடுத்துப் பத்து இருபது நிமிடத்துக்குள் அடித்து முடித்துவிட வேணும்.

மருதமுனை, வீட்டில் தறி உள்ள தங்கச்சி: புது விமானங்களைத் துணியால் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மைதான், கார்பன் நூல் துணி. போயிங் 787-இன் எடையில் ஏறக்குறைய பாதி இந்த வகைப் பொருள். ரெசின் (இறுகும் பிசின்) ஏற்கனவே ஊறிய துணியாக வரும், மைனஸ் 18 பாகை செல்சியஸில் வைத்திருப்பார்கள். அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அழுத்தமுள்ள பெரிய அடுப்பில் 180 பாகை செல்சியஸ் அளவில் வேக வைக்கிறார்கள். பாவு (நெடுக்கு நூல்) எது, ஊடை (குறுக்கு நூல்) எது என்று உங்களுக்குக் கண் மூடினாலும் தெரியுமே, அந்த அறிவுதான் இங்கே முக்கியம். நூல் ஓடுகிற திசையில்தான் பலம், அதனால் ஒரு படை (அடுக்கு) நேராக, அடுத்தது 45 பாகை சரிவாக, அடுத்தது குறுக்காக என்று ட்ரோயிங்கில் இருக்கும். ஒரு படை திசை மாறிப் போனால் மேலே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தறியில் வளர்ந்த பிள்ளைகள் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள் என்று நான் மனதார நம்புகிறேன்.

கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். உப்புக்காற்றில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இடையில் கண்ணாடி நார்ப் படை, டைட்டேனியம் போல்ட் எல்லாம்.

ஆரையம்பதி, ஆசிரியர்: ஒரு தொழிலாளியின் சின்னப் பிழை உண்மையில் எவ்வளவு தூரம் போகும்?

சேர், பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன கதையைச் சொல்கிறேன். 1978-இல் ஒசாக்காவில் ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 ஒன்று இறங்கும்போது வால் தரையில் உரசியது. காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்பக்கச் சுவரைத் திருத்தியபோது முழுசாக வைக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரம் ஒரு வரிசையில் விழுந்தது. அப்படியே ஏழு வருடம் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று சுவர் கிழிந்து, வால் பகுதி போய், 520 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் நான்கு பேர்.

என் பிழையையும் சொல்கிறேன். மூன்றாவது வருடம், வேலை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது டிரில் வழுக்கி ஒரு துளை நீள்வட்டமாகிவிட்டது. ரிவெட் தலை அதை மூடிவிடும், பக்கத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், அப்புறம் போய் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சிவப்பு அட்டை கட்டி வைத்தார்கள், பொறியாளர் வந்து பார்த்தார், துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு ரிவெட் போடச் சொன்னார், இரண்டு நாளில் முடிந்தது. அதே வருடம் இன்னொருவர் இதே மாதிரித் துளையை சீலண்டால் மூடிவிட்டார். பரிசோதனையில் பிடிபட்டு அன்றைக்கே வேலை போனது. அவரைத் துளைக்காக அனுப்பவில்லை, மறைத்ததற்காக அனுப்பினார்கள். கோபக்காரர்கள், சோம்பேறிகள், மெதுவானவர்கள் எல்லோருடனும் என்னால் வேலை செய்ய முடிந்தது, மறைப்பவர் பக்கத்தில் மட்டும் நிற்க முடியவில்லை.

அக்கரைப்பற்று, ஒரு அம்மா: மகனைக் கனடா விமானத் தொழிற்சாலையில் சேர்ப்பதாகச் சொல்லி ஒருவர் 18 இலட்சம் கேட்கிறார். காணியை ஈடு வைக்கலாமா மகன்?

வேண்டாம் அம்மா, தயவு செய்து வைக்காதீர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் வெளிநாட்டுத் தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதே சட்டப்படி குற்றம், 2009-இல் வந்த சட்டம் அது. கேட்பவரின் அனுமதிப் பத்திர எண்ணை வாங்கி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் காட்டுங்கள். உண்மையான வேலை என்றால் தொழிற்சாலையின் பெயர், சம்பளம், வேலை நேரம் எல்லாம் எழுத்தில் இருக்கும், அவர்கள் மகனை நேர்முகம் கண்டிருப்பார்கள். கனடாவின் தொழில் பட்டியலில் இந்த வேலைக்கு 93200 என்று எண் இருக்கிறது, அந்த எண்ணை அவரிடம் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எனக்கும் சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடி, தங்கச்சி: பெண்கள் செய்யலாமா?

தாராளமாக. எங்கள் பகுதியில் ரிவெட் கட்டியைப் பிடிப்பதில் மிகச் சிறந்தவர் ஒரு பெண்தான். இறக்கைக்குள் ஒடுங்கின இடத்தில் சிறிய உடலும் சிறிய கையும் பெரிய உதவி.

வாழைச்சேனை, படகு ஃபைபர் வேலை செய்பவர்: உடம்புக்குக் கெடுதியா?

கவனமில்லாவிட்டால் கெடுதிதான். ரிவெட் சத்தம் காதைக் கெடுக்கும், அதிர்வில் விரல் மரத்துப் போகும், சில பிரைமர்களில் (அடிப்பூச்சு) உள்ள குரோமேட் என்ற இரசாயனம் புற்றுநோய் வரவைக்கும். ஃபைபர் தேய்க்கும்போது முகத்தில் சாரத்தைக் கட்டிக்கொண்டு செய்கிறீர்களே, அது போதாது. இன்றைக்கே நல்ல மாஸ்க் வாங்குங்கள், இந்த வேலைக்கு வந்தாலும் வராவிட்டாலும்.

திருக்கோவில், உயர்தரம் முடித்த தம்பி: அண்ணா, இப்போது ஊரில் இருந்துகொண்டே என்ன செய்யலாம்?

மட்டக்களப்பு அல்லது சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரியில் உலோக வேலை சார்ந்த பாடநெறி ஒன்று எடு, என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டம் வரை போ. ட்ரோயிங் வாசிக்கப் படி. வேலைக் குறிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் வரும், அதனால் பேச வராவிட்டாலும் வாசித்து விளங்க வேணும். அங்குலமும் மில்லிமீட்டரும் இரண்டும் கையில் இருக்கட்டும்.

அப்புறம் ஜன்னல் கடையில் வெட்டிப் போட்ட அலுமினியத் துண்டு ஒன்று கேட்டு வாங்கு. ஒரே வரிசையில் இருபது துளை போடு. துளையின் நடு, தகட்டின் விளிம்பிலிருந்து துளை விட்டத்தின் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேணும், இடைவெளி எல்லாம் ஒன்றாக இருக்க வேணும். பிசிறை எடுத்துவிட்டு ஒரு பஞ்சால் தடவிப் பார், நூல் மாட்டினால் இன்னும் பிசிறு இருக்கிறது. முடித்ததும் கல்லடிக்குக் கொண்டு வா, பழைய பாலத்துப் பக்கம்தான் வீடு. நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவி என்னிடம் இருக்கிறது, இருபதையும் சேர்ந்து அளப்போம்.