மாமரத்தில் பூத்திருப்பது புல்லுருவியா?

கேள்வி: சிறுமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்து மாமரக் கிளையில், வார்போல் நீண்ட தடித்த இலைகளும் வெண்சாம்பல் நிற வேர்களும் கொண்ட செடி ஒன்று வளர்ந்துள்ளது. சித்திரையில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், பழுப்புக் கட்டங்களும் நீலநிற உதடும் உடைய மணமுள்ள பூக்கள் பூத்தன. புல்லுருவி என்று வெட்டச் சொல்கிறார்கள். வெட்டலாமா?

– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வெட்ட வேண்டாம். உங்கள் விவரிப்பு வாண்டா டெசலேட்டா என்னும் நம் நாட்டு ஆர்கிட்டுடன் மிகவும் பொருந்துகிறது. சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றித் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் 1795இல் வெளியிட்ட நூலிலேயே இடம்பெற்ற செடி இது. டெசலேட்டா என்றால் சிறுகட்டங்கள் பதித்தது என்று பொருள். நீங்கள் கண்ட கட்டங்களே அதன் பெயராயின. இதன் நெருங்கிய உறவான வாண்டா டெஸ்டேசியாவின் பூக்கள் இதில் பாதியளவே இருக்கும்; இதழ்களில் கட்டங்களும் இரா. எனவே பூவின் அகலத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். நான்கைந்து சென்டிமீட்டர் இருந்தால் ஐயமில்லை.

புல்லுருவி என்னும் ஐயத்துக்கு வேரே விடை சொல்லும். புல்லுருவி கிளைக்குள் ஊடுருவி மரத்தின் நீரை உறிஞ்சுவதால், அது பற்றிய இடம் முடிச்சாகப் பருத்திருக்கும். ஆர்கிட்டின் வேரோ பட்டையின்மேல் படர்ந்து பிடித்துக்கொள்கிறதே தவிர, உள்ளே நுழைவதில்லை. அவ்வேரைப் போர்த்தியுள்ள வெலாமன் என்னும் பஞ்சுபோன்ற திசு மழைநீரையும் பனியையும் உறிஞ்சிக்கொள்கிறது. வேரில் சிறிது நீர் தெளித்தால், வெண்மை மறைந்து உள்ளிருக்கும் பச்சை தெரிவதை நீங்களே காணலாம். வடமொழியில் ‘வந்தாகா’ என்பது ஒட்டுண்ணியைக் குறிக்கும் சொல். வாண்டா என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பதால், இந்தப் பழி பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது!

வறண்ட இலையுதிர் காடுகளிலும், அவற்றை ஒட்டிய தோப்புகளிலும், மா, புளி போன்ற சொரசொரப்பான பட்டையுடைய மரங்களில் இதைக் காணலாம். தூசிபோன்ற இதன் விதைகளில் சேமிப்பு உணவு கிடையாது. பட்டையில் உரிய பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். ஆகவே முதிர்ந்த மரம் ஒன்று வீழ்ந்தால், அந்த இழப்பைப் புதுக்கன்று உடனே ஈடுசெய்யாது.

செடியைத் தொட்டிக்கு மாற்ற முயலாதீர்கள். மண்ணில் புதைத்தால் வேர் அழுகிவிடும். கிளை முறிந்து விழுந்தால் மட்டும், அதே மரத்தின் வேறொரு கிளையில், வெயில் சலித்து விழும் இடத்தில், தேங்காய் நார்க்கயிற்றால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.