தேவன் முன்னரே சிலரைத் தெரிந்தெடுத்துவிட்டார் என்றால் சுவிசேஷம் சொல்வது எதற்கு?

யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் உலகத்தோற்றத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டார் என்றால், அப்படிப் போதிக்கும் கல்வினிசத்தை நம்புகிறவர்கள் வீடு வீடாகப் போவது வீண் வேலை அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். வன்னியில் அந்தப் போதனையை ஏற்கும் ஒரு சிறிய சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன் நான். அந்த நம்பிக்கை மட்டும் இல்லாதிருந்தால் இந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன்.

முடிவைக் குறித்தவரே வழியையும் குறித்தார் என்பதுதான் எங்கள் போதனை. வேதாகமத்தில் லீதியாள் என்ற பெண்ணின் இருதயத்தைத் திறந்தவர் கர்த்தர். ஆனால் பேசியது அப்போஸ்தலனாகிய பவுல். கொரிந்துவில் பவுல் பயந்தபோது, ‘இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு’ என்றார் கர்த்தர். அதைக் கேட்ட பவுல் மூட்டை கட்டவில்லை. ஒன்றரை வருடம் அங்கேயே தங்கிப் போதித்தார். கல்வினிசத்தின் ஐந்து கோட்பாடுகளுக்கு மூலமான, நெதர்லாந்தில் கூடிய டோர்ட் திருச்சபை மாநாட்டின் தீர்மானங்களும் (1618–19) சுவிசேஷம் எல்லா மக்களுக்கும் வேறுபாடின்றி அறிவிக்கப்பட வேண்டும் என்றே சொல்கின்றன. இதைப் பற்றிச் சண்டை பிடிக்கிற கல்வினிஸ்டுகள், அர்மீனியவாதிகள் (கிருபையை ஏற்பதும் மறுப்பதும் மனிதனின் தெரிவு என்பவர்கள்) என்ற இரு தரப்பிலும் அதைப் படித்தவர்கள் குறைவு.

எங்கள் மண்ணின் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கல்வினிஸ்டுகள்தான். ஆனால் தங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே அரசாங்க உத்தியோகம் என்று வைத்தார்கள். பதிவேடு நிறைந்தது. 1796இல் ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகள் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கலைந்துபோனார்கள். இருதயத்தைத் திறப்பவர் தேவனே என்று வாயால் சொல்லிவிட்டு, உத்தியோகத்தால் திறக்கப் பார்த்ததன் பலன் அது.

2009க்குப் பிறகு அதே வியாபாரம் வேறு உருவத்தில் வன்னிக்குள் வந்தது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம் சுவரில் மாட்டியிருந்தது. அந்த அம்மா சுளகில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்: “ஞானஸ்நானம் எடுத்தால் மகன் கிடைப்பான் என்று முன்பு வந்தவர்கள் சொன்னார்கள். நீங்களும் அதைச் சொல்லத்தான் வந்தீர்களா, தம்பி?”

“இல்லை அம்மா. அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை” என்றேன். அதற்குப் பிறகுதான் உட்காரச் சொன்னார். கிறிஸ்து யார், எதற்காக மரித்தார் என்பதை மட்டும் சொன்னேன். அவர் இன்றுவரை சபைக்கு வரவில்லை. நான் இன்னும் போய்வருகிறேன். அவரை மாற்றியே ஆக வேண்டிய பொறுப்பு என் தலையில் இருந்திருந்தால், நானும் ஏதாவது பொய்யை அவிழ்த்துவிட்டிருப்பேன். அல்லது ‘கல் நெஞ்சம்’ என்று கைகழுவியிருப்பேன்.

அப்படியென்றால் தேவன் தெரிந்தெடுக்காதவர்களின் கதி என்ன என்று அடுத்து கேட்பீர்கள். எனக்கும் தொண்டையில் நிற்கிற இடம் அதுதான். ‘மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்’ என்ற உபாகம வசனத்துக்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அதை விளக்கிவிட்டேன் என்று சொல்கிறவரைக் கண்டால் சற்று விலகியே நடப்பேன். இந்தப் போதனையைச் சாட்டாக வைத்து வீட்டில் இருந்துகொண்டு பேஸ்புக்கில் அர்மீனியவாதிகளுடன் மட்டும் மல்லுக்கட்டுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். உங்கள் கேள்வி அவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து வீட்டைத் தெரிவுசெய்யும் வசதி நமக்கு இல்லாதபடியால், ஒழுங்கையில் உள்ள எல்லாப் படலையையும் தட்ட வேண்டியிருக்கிறது.