கருவிக் கடனும் வட்டிக் கணக்கும்

கேள்வி: நான் தச்சு வேலை செய்பவன். இழைப்பு இயந்திரமும் அறுவை இயந்திரமும் வாங்க ரூ.60,000 தேவைப்படுகிறது. ஒரு நிதி நிறுவனம் 12 விழுக்காடு வட்டியில் 24 மாதத் தவணை தருவதாகச் சொல்கிறது; வாங்கலாமா?

பதில்: அந்த 12 விழுக்காடு நிலையான வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா (மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் போடுவது) என்பதை முதலில் கேளுங்கள். நிலையான வட்டி என்றால், அசல் மாதந்தோறும் குறைந்து வந்தாலும் முழு ரூ.60,000க்கும் இரண்டு ஆண்டுகள் வட்டி கணக்கிடப்பட்டு, மாதத் தவணை ரூ.3,100 ஆகவும் மொத்த வட்டி ரூ.14,400 ஆகவும் வரும். உண்மையில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.6 விழுக்காட்டு வட்டிக்குச் சமம். குறையும் அசலுக்கு அதே 12 விழுக்காடு என்றால் தவணை சுமார் ரூ.2,825, மொத்த வட்டி ரூ.7,800 அளவில்தான் இருக்கும். வாயால் சொல்லும் கணக்கை நம்பாமல், வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தைக் (APR) குறிப்பிடும் முக்கிய விவரத் தாளைக் (Key Facts Statement) கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதைத் தருவது நிறுவனத்தின் கடமை.

கையெழுத்திடும் முன் வங்கியில், சிறுதொழில் செய்வோருக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனையும் விசாரியுங்கள். இத்தொகைக்கு அதில் சொத்துப் பிணை தேவையில்லை. இரண்டில் எந்த இயந்திரம் தினமும் ஓடுமோ, அதை மட்டும் இப்போது வாங்கி, மற்றதை வாடகைக்கு எடுப்பதே என் யோசனை. மழைக்காலத்தில் வேலை குறைந்தாலும் தவணை குறையாது அல்லவா?